விருந்துக்கும் அன்றாடத்துக்கும் ஒரே ஹால்: புழங்கித் தேய்ந்த பிறகு ஒரு கணக்கு

திருவான்மியூரில் எங்களுடையது மூன்று பெட்ரூம் ஃபிளாட். 2019-ல் இன்டீரியர் வேலை முடித்துக் குடிவந்தோம். நான், கணவர், மாமியார், ஸ்கூல் போகும் இரண்டு பிள்ளைகள். இதுபோக நவராத்திரி, பொங்கல், பிறந்தநாள், கல்யாணத்துக்கென்று ஊரிலிருந்து வந்து தங்குகிறவர்கள் என ஆள் வந்துகொண்டே இருக்கும். இன்டீரியர் படங்கள் எல்லாமே கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள் எடுத்ததாக இருக்கின்றன. நாலைந்து மழைக்காலம் பார்த்த வீட்டைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

ஹால் இருபதடிக்குப் பதினோரடி. டிசைனர் முதலில் போட்டுத் தந்த பிளானில் எல் வடிவ சோஃபா, கண்ணாடி டீப்பாய், எட்டுப் பேர் உட்காரும் டைனிங் டேபிள், கிச்சன் ஓரம் உயர ஸ்டூல் போட்ட கவுன்ட்டர் எல்லாம் இருந்தன. மாமியார் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கொலு எங்கம்மா வைக்கறது?" டிசைனர் தம்பி பதில் சொல்லாமல் சிரித்தார். எல் வடிவ சோஃபா அந்த நிமிஷமே பிளானிலிருந்து போயிற்று.

அதற்குப் பதிலாக வந்தவை: இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கி நகர்த்தக்கூடிய மூன்று பேர் மர சோஃபா, இரண்டு பிரம்பு நாற்காலி, ஜன்னலோரம் ஒரு திவான், நடுவில் ஊஞ்சல். டீப்பாய் கிடையாது. சோஃபா பக்கத்தில் ஒரு சின்ன முக்காலி, காபி டம்ளர் வைக்க அது போதும்.

இத்தனை வருஷத்தில் காசுக்கு முழுசாக உழைத்தது திவான்தான். பகலில் மாமியாரின் மத்தியானத் தூக்கம், சாயந்திரம் பிள்ளைகளின் புத்தக மூட்டை, விருந்தாளி வந்தால் நாலு பேர் உட்காரும் இடம், ராத்திரி ஒருவருக்குப் படுக்கை. மேல்பலகையைத் தூக்கினால் உள்ளே பாய், தலையணை, இரண்டு பவானி ஜமுக்காளம். யாராவது திடீரென்று தங்கினால் பரணில் ஏறித் தேட வேண்டியதில்லை. ஒரு யோசனை: உள்ளே காற்றுப் போக ஓட்டை போடச் சொல்லுங்கள். முதல் ஐப்பசி மழையில் எங்கள் தலையணைகளில் பூஞ்சை வாடை ஏறிவிட்டது. ஆசாரியைக் கூப்பிட்டு பக்கவாட்டில் வரிசையாகத் துளை போட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை.

ஊஞ்சலைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். முன்னும் பின்னும் மூன்றடி இடம் விட வேண்டும், அதனால் சின்ன ஹாலில் வேண்டவே வேண்டாம். ஃபேன் கொக்கியில் மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கூடாது. நாங்கள் பில்டரின் இன்ஜினீயரைக் கேட்டு, பீம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, அதற்கு நேர் கீழே கொக்கி போட்டோம். கொலு சமயத்திலும் பந்தி போடும்போதும் சங்கிலியோடு கழற்றி பால்கனியில் சாய்த்துவிடுவோம். மாதத்துக்கு ஒரு தடவை கொக்கியில் இரண்டு சொட்டு எண்ணெய் விடாவிட்டால் கீழ் வீட்டுக்காரர் லிஃப்டில் பார்க்கும்போது ஞாபகப்படுத்துவார்.

பந்திக் கணக்கு சொல்கிறேன், ஹால் பிளான் போடுகிறவர்களுக்கு உதவும். சம்மணம் போட்டு உட்காரும் ஒருவருக்கு அகலத்தில் இரண்டடி, ஆளும் இலையுமாக ஆழத்தில் நாலடி. எதிரெதிராக இரண்டு வரிசை போட்டால் எட்டடி போய்விடும், நடுவில் பரிமாறுகிறவர் குனிந்து நிமிர மூன்றடி. பதினோரடி ஹாலுக்கு அளந்து வைத்தாற்போல இருக்கும். வாசலும் திவானும் போக வரிசைக்கு ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். அதே பதினாலு பேருக்கு மேஜை நாற்காலி போட இரண்டு ஹால் வேண்டும்.

ஆனால் முழங்கால் வலிக்காரர்கள் தரையில் உட்கார முடியாது. இப்போதெல்லாம் விருந்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கட்சி. அதனால் ஆறு பேர் டைனிங் டேபிள் ஒன்று இருக்கிறது, ஒரு பக்கம் நாற்காலி, சுவர்ப் பக்கம் பெஞ்ச். தினசரிக்கு டேபிளைச் சுவரோடு ஒட்டி பெஞ்சை அடியில் தள்ளிவிடுவோம். பிள்ளைகள் ஹோம்வொர்க் எழுதுவதும் அங்கேதான். பெஞ்சுக்கு முதுகுச் சாய்மானம் இல்லாததால் பெரியவர்கள் அதில் உட்கார மாட்டேன் என்கிறார்கள். மறுபடி வாங்கினால் ஆறுமே நாற்காலியாக வாங்குவேன்.

டைனிங் பக்கத்திலேயே வாஷ்பேசின் கேட்டு வாங்கியது நல்ல முடிவு. கையால் சாப்பிடுகிற நாம், சாப்பிட்ட கையோடு விருந்தாளியை பெட்ரூம் பாத்ரூமுக்கு அனுப்புவது என்ன நியாயம்? ஒரே குறை உப்புத் தண்ணீர். போர் தண்ணீர் பட்டுப் பட்டு குழாய் வாயில் வெள்ளைப் படலம் கட்டிவிடும், வாரம் ஒரு முறை எலுமிச்சைத் தோலால் தேய்க்க வேண்டும்.

இனி கிச்சன். பில்டர் கொடுத்தது ஓப்பன் கிச்சன். மிளகாய் வற்றல் தாளித்தால் ஹாலில் உட்கார்ந்திருப்பவர்கள் வரிசையாக இருமுவார்கள், சிம்னி எவ்வளவு இழுத்தாலும் அந்தக் காரத்தை முழுக்க இழுப்பதில்லை. கண்ணாடி ஸ்லைடிங் கதவு போட்டோம், மேலே மட்டும் தொங்குகிற மாதிரி. தரையில் தண்டவாளம் இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கும் கடுகும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். கதவைத் திறந்து வைத்தால் சமைத்தபடியே ஹாலில் பேசலாம், வடை சுடும்போது மூடிவிடலாம். சாத்தி வைத்தால் கழுவாத பாத்திரக் குவியல் ஓரளவு மறையும் என்பது கூடுதல் லாபம்.

மேடைக்குக் கறுப்பு கிரானைட். வெள்ளை குவார்ட்ஸ் பார்க்கக் கண்ணைப் பறிக்கும், ஆனால் அதில் கல்தூளைப் பிடித்து வைத்திருப்பது ரெசின், சூடான பாத்திரத்தை நேரே வைத்தால் கெட்டுப்போகும். நம் வீட்டில் குக்கரையும் இட்லிப் பானையையும் அடுப்பிலிருந்து இறக்கியபடியே வைப்பதுதான் வழக்கம். மஞ்சள் கறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மேடை உயரம் எனக்கு 34 அங்குலம். மாமியார் குள்ளம், அவருக்காக ஓரத்தில் 28 அங்குலத்தில் கடப்பா கல் பதித்த ஒரு தாழ் மேடை. கிரைண்டர் அதில் உட்கார்ந்திருக்கிறது, தூக்கி இறக்கும் வேலை இல்லை. அவர் மட்டும் இன்னமும் தரையில் அரிவாள்மணை போட்டுத்தான் காய் நறுக்குகிறார்.

மரச்சாமான் விஷயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடைக்காரர் 'வாட்டர்ப்ரூஃப்' என்று சொல்வதைக் கேட்டுத் தலையாட்டாமல் ஒவ்வொரு பலகையிலும் முத்திரையைப் பாருங்கள். ஐஎஸ் என்பது இந்தியத் தர எண். ஐஎஸ் 710 என்றிருந்தால் மரைன் பிளை, அதாவது தண்ணீரைத் தாங்கும் ஒட்டுப்பலகை. ஐஎஸ் 303-ல் எம்.ஆர். என்று இருப்பது ஈரப்பதத்தை ஓரளவு தாங்குமே தவிர தண்ணீரைத் தாங்காது. ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் அது போதும், கிச்சனுக்குப் போதாது. எங்கள் கிச்சன் அலமாரிகள் மரைன் பிளைதான், இன்றுவரை ஒரு குறை இல்லை. ஆனால் சிங்க்குக்குக் கீழே தரையை ஒட்டி ஓடும் பட்டையை மட்டும் எம்.டி.எஃப்.-இல், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகையில், செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தினமும் மாப் போடும் தண்ணீரைக் குடித்துக் குடித்து மூன்றாம் வருஷம் அது அப்பளமாகப் பொங்கி, லேமினேட் தனியே உரிந்து வந்தது. செய்து கொடுத்த நிறுவனத்துக்குப் போன் போட்டால், பத்து வருஷ வாரன்ட்டியில் "தண்ணீரால் வரும் சேதம் சேராது" என்ற வரியைக் காட்டினார்கள். தண்ணீர் படாத சிங்க் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டேன், பதில் இல்லை. அந்தப் பட்டையை அலுமினியத்திலோ பி.வி.சி.யிலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடல் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. குரோம் பூசிய கைப்பிடிகள் எல்லாம் உப்புக்காற்றில் இரண்டு வருஷத்துக்குள் புள்ளி புள்ளியாகத் துரு ஏறின. 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டவை பரவாயில்லை. ரெக்சின் சோஃபாவும் இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு ஆகாது. என் தம்பி வீட்டில் ஒன்று பொரிப்பொரியாக உரிந்து, உட்கார்ந்து எழுந்தவர்கள் முதுகில் எல்லாம் கறுப்புத் தூள். எங்கள் சோஃபாவில் கழற்றித் துவைக்கிற பருத்தி உறை. அழகு கம்மிதான், சாம்பார் கொட்டினாலும் பதற்றமில்லை.

காற்று விஷயத்தில் ஒரு சண்டை போட்டோம். டிவி வைக்கக் கிழக்கு ஜன்னலை அடைக்கலாம் என்றார் டிசைனர். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வருகிற வழியே அதுதான். அடைக்க விடவில்லை. அக்னி நட்சத்திரத்தில் ஹாலில் இருபது பேர் கூடினால் ஏ.சி. திணறிவிடும், ஆள் போகவர வாசல் கதவு திறந்தபடியே இருக்கும். ஜன்னலும் இரண்டு ஃபேனும்தான் காப்பாற்றுகின்றன.

ஃபால்ஸ் சீலிங் ஹாலின் ஓரத்தில் மட்டும். மறைவாக ஓடும் எல்.இ.டி. பட்டையைப் போட்டால் விருந்து நாளில் வீடு ஜோராக இருக்கும். மற்ற நாளில் அந்தப் பள்ளத்தில் பல்லி குடியிருக்கிறது, மழைக்கு முன் ஈசல் செத்து விழுந்து கிடக்கிறது. ஒரு பக்கம் டிரைவர் (பட்டைக்கு மின்சாரம் கொடுக்கும் சின்னப் பெட்டி) கெட்டுப்போய் பட்டையோடு சேர்த்து மாற்றினோம், புதுப் பட்டையின் நிறம் பழையதோடு ஒத்துவரவில்லை. பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் சுவர் விளக்கு இரண்டு, படிக்க டேபிளுக்கு மேலே ஒரு வெள்ளை விளக்கு, தனித்தனி ஸ்விட்ச். இது போதும், ஏணி போட்டுத் துடைக்க வேண்டிய வேலையும் இல்லை.

கண்ணாடி போட்ட ஷோகேஸ் பற்றி இரண்டே வார்த்தை: தூசி, பூட்டு. இந்த வருஷம் அதை எடுத்துவிட்டு அந்த மூலையில் கொலுப்படியின் மடக்கு ஸ்டாண்டும் பெரிய அண்டாக்களும் போகிற மாதிரி தரையிலிருந்து சீலிங் வரை ஒரு அலமாரி செய்யப் போகிறோம். ஆசாரி அளவெடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அண்டாவின் வாய் அகலம் 22 அங்குலம், அவர் எழுதிக்கொண்டது 20. நாளைக்குக் காலையில் முதல் போன் அவருக்குத்தான்.