அடர்த்தியான மார்பகம்: அல்ட்ராசவுண்டா, எம்.ஆர்.ஐ.யா?

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அறிக்கையில் அடர்த்தி 'டி' என்று இருந்தால், கீழே 'நார்மல்' என்று முடித்திருந்தாலும் விட்டுவிடாதீர்கள். கொழுப்பு மிகுந்த மார்பகம் 'ஏ', சுரப்பியும் நார்த்திசுவும் நெருங்கி நிறைந்தது 'டி'. படத்தில் அந்தத் திசு வெள்ளையாகத் தெரியும், புற்றுநோய்க் கட்டியும் வெள்ளைதான். மறைப்பது ஒருபுறம் இருக்க, அடர்த்தியே நோய்க்கான ஆபத்தையும் கூட்டுகிறது. கையால் தொட்டுப் பார்த்து அடர்த்தியைக் கண்டுபிடிக்க முடியாது.

ஐம்பதைக் கடந்த எனக்கு 'டி' என்று வந்தது. அடுத்து என்ன என்று யோசித்து எம்.ஆர்.ஐ. எடுத்தேன். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

அல்ட்ராசவுண்டில் செலவு குறைவு, கதிர்வீச்சோ ஊசியோ இல்லை, பக்கத்திலேயே கிடைக்கும். பலனும் உண்டு: ஜப்பானில் நாற்பதுகளில் இருக்கும் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், மேமோகிராமோடு அதையும் சேர்த்தபோது புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் திறன் 77 சதவீதத்திலிருந்து 91 சதவீதமானது.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது வேறொன்று. மேமோகிராம் நார்மல் என்று வந்து, அடுத்த பரிசோதனைக்குள் தலைகாட்டும் புற்றுநோய்தான் 'டி' பிரிவினருக்குப் பெரிய பயம். எம்.ஆர்.ஐ. திசுவின் அடர்த்தியை நம்பி இருப்பதில்லை. கையில் ஏற்றும் கடோலினியம் மருந்து, புதிதாக ரத்தக் குழாய்களை வளர்த்துக்கொண்ட கட்டியில் சீக்கிரம் சேர்ந்து அதைப் பளிச்சென்று காட்டிவிடும். நெதர்லாந்தில் 'டி' பிரிவுப் பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், மேமோகிராம் மட்டும் எடுத்தவர்களில் 1000 பேருக்கு 5 பேருக்கு இப்படி இடையில் புற்றுநோய் வந்தது. எம்.ஆர்.ஐ.க்கு அழைக்கப்பட்ட குழுவில் அது 2.5. அழைப்பை ஏற்று எடுத்துக்கொண்டவர்களை மட்டும் பார்த்தால் 0.8தான். 2025இல் வந்த பிரிட்டன் ஆய்வில், மேமோகிராமில் தப்பியவற்றில் 1000 பரிசோதனைக்குச் சுருக்க எம்.ஆர்.ஐ. (குறைந்த நேரத்தில் முடிவது) 17 புற்றுநோய்களைக் கண்டுபிடித்தது, தானியங்கி அல்ட்ராசவுண்ட் 4.

சும்மா வந்ததில்லை இந்தப் பலன். நெதர்லாந்தில் முதல் சுற்றில் 1000 பேரில் ஏறக்குறைய 80 பேருக்குப் பொய் எச்சரிக்கை. பயாப்சி (திசுவை எடுத்துச் சோதிப்பது) செய்தவர்களில் நான்கில் மூவருக்குப் புற்றுநோயே இல்லை. பயாப்சி முடிவுக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அனுபவமில்லை, என் அறிக்கை சுத்தமாக வந்தது. இரண்டாவது சுற்றில் பொய் எச்சரிக்கை 26 ஆகக் குறைந்தது என்பது ஆறுதல். உயிரிழப்பு குறையுமா என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கக் குப்புறப் படுத்து, மார்பை இரண்டு குழிகளில் இறக்கி, கைகளைத் தலைக்கு மேல் நீட்டி அசையாமல் கிடக்க வேண்டும். காதை அடைத்தாலும் 'டக் டக்' சத்தம் கேட்கும். மருந்து ஏறும்போது முழங்கை வரை சில்லென்றது. மூடிய இடம் என்றால் பயப்படுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு, பேஸ்மேக்கர் இருந்தாலும் அப்படியே. மாதவிடாய் நிற்காதவர்களுக்கு 7 முதல் 14ஆம் நாளுக்குள் எடுப்பது நல்லது.

எம்.ஆர்.ஐ.க்குப் பணம் பல மடங்குதான். ஆனால் 'டி' பிரிவுக்கு ஐரோப்பிய மார்பகப் படவியல் சங்கம் 2 அல்லது 3 வருடத்துக்கு ஒரு முறை போதும் என்கிறது. வருடாவருடம் அல்ட்ராசவுண்டுக்குப் போவதோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் செலவு வித்தியாசம் கொஞ்சம் சுருங்கும்.

'டி'க்கு ஒரு படி கீழே உள்ள 'சி' பிரிவினருக்கு இதையே சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், டாக்டரிடம் டைரர்-குசிக் முறையில் ஆபத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். அதன் புதிய வடிவம் அடர்த்தியையும் சேர்த்துக்கொள்கிறது, கெயில் என்ற இன்னொரு கணக்கு சேர்ப்பதில்லை. அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ, எதை எடுத்தாலும் மேமோகிராமை விட்டுவிடக் கூடாது. நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகளை அதுதான் நன்றாகக் காட்டும்.