ஹென்றி கோ பார்க்: போறப்போ இறக்கம், வர்றப்போதான் இருக்கு

போன ஜூன்ல ஒரு சனிக்கிழமை, நாங்க அஞ்சு பேரு, கலிஃபோர்னியா மார்கன் ஹில் பக்கத்துல இருக்குற ஹென்றி டபிள்யூ கோ ஸ்டேட் பார்க். அன்னைக்கு வெயில் 97 ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல 36, "இதெல்லாம் நம்ம ஊர்ல ஏப்ரல் மாசம்டா"ன்னு ஒருத்தன் கார்லயே ஆரம்பிச்சுட்டான். அவனுக்கு அப்புறம் வர்றேன்.

ஈஸ்ட் டன் அவென்யூல திரும்புனதும் ஆண்டர்சன் ஏரி தாண்டி ஒரே வளைவு, ரோடும் குறுகல், பின்சீட்ல உக்கார்றவங்க இட்லிய கம்மியா சாப்ட்டுட்டு வாங்க. மேல பெட்ரோல் பங்க் கிடையாது, எங்க யாரு போன்லயும் சிக்னல் இல்ல. மேப்ப வீட்லயே டவுன்லோட் பண்ணிக்கோங்க.

இது முன்னாடி மாட்டுப் பண்ணை. கோ குடும்பத்தோட பைன் ரிட்ஜ் ரான்ச், அவங்க பொண்ணு சேடா கோ 1953ல அப்பா ஞாபகமா கவுண்டிக்கு (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) குடுத்துட்டாங்க, இப்ப 87,000 ஏக்கருக்கு வளர்ந்து நிக்குது. பழைய பண்ணை வீடு, கொட்டகை எல்லாம் மேலயே இருக்கு, விசிட்டர் சென்டர்ல பண்ணைக் காலத்து சாமான்லாம் வச்சிருக்காங்க. காலைல அவசரத்துல தாண்டிட்டோம், திரும்பி வந்து நின்னு பாக்குற தெம்பு இல்ல.

இந்த பார்க்ல முக்கியமான சமாச்சாரமே வண்டி நிறுத்துற இடம் மலை உச்சியில இருக்குறதுதான். மத்த இடத்துல முதல்ல மூச்சு வாங்க ஏறுவோம், அப்புறம் கதை பேசிட்டே இறங்குவோம், இங்க தலைகீழ். கீழ ஓடையில இருக்குற சைனா ஹோல்ங்குற மடு வரைக்கும் போய்ட்டு வர சுமார் 10 மைல், ஆயிரம் அடிக்கு மேல இறக்கம், பாட்டு பாடிட்டே போனோம், இறங்குற ஒவ்வொரு அடியையும் மத்தியான வெயில்ல திருப்பி ஏறணும்னு ஒருத்தனுக்கும் உறைக்கல.

ஆனா வழி இருக்கே, அருமை. ஒரு மரத்து பட்டை பூரா சின்னச் சின்ன ஓட்டை, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஓக் கொட்டை ஆணி அடிச்ச மாதிரி கச்சிதமா சொருகியிருக்கு, மரங்கொத்தி சேத்து வச்ச குதிர் அது! மான்சனிட்டானு ஒரு செடி, தண்டு கருஞ்சிவப்பு, மெழுகு பூசின மாதிரி வழவழன்னு, அந்த வெயில்லயும் கை வச்சா சில்லுன்னு இருக்கு. அஞ்சு பேரும் மாத்தி மாத்தி கன்னத்த வச்சுப் பாத்தோம், யாராவது பாத்திருந்தா என்ன நெனச்சிருப்பாங்களோ. மூணு மூணு இலையா இருக்குற பாய்சன் ஓக் மட்டும் தொட்டுடாதீங்க, சொரிஞ்சே சாவோம்.

கீழ கயோட்டி ஓடையில பாறைக்கு நடுவுல தண்ணி தேங்கி நிக்குது, ஷூவ கழட்டி கால வச்சதும் எழுந்திரிக்கவே மனசில்ல, ஒரு மணி நேரம் ஓடிப்போச்சு. அதுதான் நாங்க பண்ண தப்பு. ஏற ஆரம்பிச்சப்போ மணி ஒண்ணு.

நம்ம ஏப்ரல் மாசக்காரன் கொண்டு வந்தது மொத்தமே ஒரு லிட்டர் பாட்டில், அதையும் ஓடையிலயே காலி பண்ணிட்டான், ஓடைத் தண்ணிய ஃபில்டர் பண்ணாம குடிக்கக் கூடாது, ஃபில்டர் எங்ககிட்ட இல்ல. பாதி ஏத்தத்துல கெண்டைக்கால் பிடிச்சு உக்காந்துட்டான். நல்ல வேளை என்கிட்ட ஃப்ளாஸ்க்ல உப்பு தூக்கலா நீர்மோர் இருந்துது, அத குடுத்து, தொப்பிய நனைச்சுப் போட்டு, ஒரு ஓக் நிழல்ல இருவது நிமிஷம் படுக்க வச்சோம். அப்புறம் நிழலுக்கு நிழல் நின்னு நின்னு ஏறுனோம், பேச்சே இல்ல.

அஞ்சுக்கு நாலு ஸ்டார், கொறச்ச ஒண்ணு எங்க புத்திக்கு. வெயில் காலத்துல போனா ஏழு மணிக்கு நடக்க ஆரம்பிச்சுடுங்க, ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணி, புதுசா வர்றவங்க இருந்தா ஃப்ராக் லேக் சுத்து போதும், நீளம் பாதிகூட வராது. நாய ட்ரெயில்ல விட மாட்டாங்க. மேல விசிட்டர் சென்டர் பக்கம் ஒரு குழாய் இருக்கு, நம்மாளு அதுக்குக் கீழ தலையக் குடுத்தவன் பத்து நிமிஷம் எடுக்கல.

இப்ப அடுத்த ட்ரிப் எப்பன்னு க்ரூப்ல கேக்குறதே அவன்தான்.