ஐந்நூறு மில்லி

அண்ணன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகை அடிக்கும் முன்பே அண்ணன், இங்கிலாந்தில் நான் இருக்கும் லீட்ஸுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டது ஒன்றுதான்: "உன் மருந்து எந்தத் தேதி ஏற்றுகிறார்கள்? அதைச் சொல், நாள் பார்க்க வேண்டும்." பஞ்சாங்கத்தையும் ஒரு மருத்துவமனை அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகூர்த்தம் குறித்தது எங்கள் குடும்பத்தில் இதுவே முதல் முறை.

என் நோய்க்கு ஏ.ஹெச்.யு.எஸ். என்று சுருக்கப் பெயர். ரத்தத்திலும் சிறுநீரகத்திலும் ஒருசேரக் கைவைக்கும் அரிய நோய். கிருமிகளை அடிக்க உடம்புக்குள் 'காம்ப்ளிமென்ட்' என்றொரு புரதப் படை இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்தும் புரதங்களில் குறை இருந்தால், படை சொந்த ரத்தக் குழாய்களையே தாக்கத் தொடங்கும். நுண்ணிய குழாய்களில் ரத்தம் உறையும், அந்த இடுக்கில் நுழையும் சிவப்பணுக்கள் கிழிபடும், தட்டணுக்கள் (பிளேட்லெட்) தீர்ந்துபோகும், சிறுநீரகம் அடைபடும். தொற்றோ பிரசவமோ அதைத் தட்டி எழுப்பலாம். எனக்கு 2016-இல், இரண்டாவது பிரசவம் முடிந்த ஒன்பதாம் நாள் எழுந்தது.

சிறுநீரகத்தையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது இதயமும் அடி வாங்கியிருந்தது. அதன் தசைக்குள் ஓடுவதும் அதே நுண்ணிய குழாய்கள்தானே. போதாததற்கு இறங்க மறுத்த ரத்த அழுத்தம். இன்று என் இதயம் ஒரு துடிப்பில் வெளித்தள்ளுவது, உள்ளே நிரம்பியதில் நாற்பது சதவீதம். ஐம்பத்தைந்துக்கு மேல் இருந்தால் நல்லது.

இந்தப் படையைத் தடுக்கும் எகுலிசுமாப் என்ற மருந்தை இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் பயன்படுத்த முறையான பரிந்துரை 2015-இல் வந்தது. சில ஆண்டுகள் முந்தி எனக்கு நோய் வந்திருந்தால் இந்தக் கட்டுரை இருந்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன். முதலில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஏற்றினார்கள். இப்போது அதன் தம்பி ராவுலிசுமாப்; எட்டு வாரத்துக்கு ஒரு முறை. இரண்டு வாரக் கயிற்றில் கட்டியிருந்தவரை ஊர் என்பது காணொளி அழைப்பில் மட்டும். எட்டு வாரம் வந்த பிறகுதான் டிக்கெட் விலை பார்க்கவே துணிந்தேன்.

பயணக் காப்பீடு தனிக் கதை. ஒரு நிறுவனம் நோயின் பெயரைக் கேட்டதும் எழுத்துக்கூட்டச் சொன்னது. எழுத்துக்கூட்டி முடித்ததும் முடியாது என்றது. கடும் நோய் உள்ளவர்களை ஏற்கும் நிறுவனங்களின் பட்டியல் பிரிட்டனின் மணிஹெல்ப்பர் சேவையில் இருக்கிறது. அதிலிருந்துதான் ஒன்று அமைந்தது. கட்டணம் விமான டிக்கெட்டுக்குச் சற்றே குறைவு. இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் எதுவும் இல்லாததால் இதைத் தவிர்க்க முடியாது.

மருந்து ஏற்றிய மூன்றாம் நாள் கிளம்பினேன். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதுபோல வைத்திருப்பார்கள். கொடைக்கானலில் பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பலவீனமான இதயத்துக்கு அது தெரியும். காலுறை மாட்டிக்கொண்டு, மணிக்கொரு முறை எழுந்து நடந்தேன். மாத்திரைகள் இரண்டு பங்கு, இரண்டு பைகளில். சென்னை விமான நிலையத்தில் முன்பே சொல்லி வைத்திருந்த சக்கர நாற்காலி கதவருகே நின்றது. தள்ளி வந்த பையன், "வரிசை நமக்கு இல்லை அக்கா" என்று குடியேற்ற வரிசையின் ஓரமாகக் கொண்டுபோனான். எழும்பூரில் பல்லவன் ஏறி இரவு புதுக்கோட்டை.

ஊரில் கிடைத்த சேவைகளைக் குறை சொல்ல வாய் வராது, முதல் பத்து நாட்களுக்கு. ஆய்வகத்துக்கு ஒரு செய்தி அனுப்பினால் காலை ஆறரைக்கு ஒரு பையன் பைக்கில் வந்து திண்ணையிலேயே ரத்தம் எடுக்கிறான். தட்டணு, சிறுநீரகத்தின் நிலை சொல்லும் கிரியேட்டினின், பொட்டாசியம், அணுக்கள் சிதைந்தால் ஏறும் எல்.டி.ஹெச். எல்லாம் மதியச் சோற்றுக்கு முன் கைபேசிக்கு வந்துவிடுகின்றன. இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க முன்பதிவு கேட்டேன். "இப்போதே வாருங்கள்" என்றார்கள். ஆயிரத்து எண்ணூறு ரூபாய், இருபது நிமிடம். லீட்ஸில் அதே எக்கோவுக்கு வாரக்கணக்கில் காத்திருந்தவள் நான்.

அந்த வேகத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. எக்கோ தாளைப் பார்த்த மருத்துவர் தலை நிமிராமலே, "ஆஞ்சியோ ஒன்று செய்துவிடலாமே, நாளைக் காலை இடம் இருக்கிறது" என்றார். என் சிறுநீரகம் பற்றி அவர் கேட்கவில்லை. ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் சாயம் பாதி வேலை செய்யும் சிறுநீரகத்தை மேலும் படுக்கவைக்கக் கூடும். ரயிலில் உட்கார்ந்து வந்த முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் கேட்டபோதும் இதே கதை: சீட்டும் கேட்காமல், வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்காமல், டைக்ளோஃபெனாக் அட்டை ஒன்று மேசைக்கு வந்துவிட்டது. சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் சேர்த்து ஆகாத மாத்திரை அது. திருப்பி நகர்த்தியபோது கடைக்காரர் முகத்தில் வருத்தம்.

சொந்தக்காரர்களின் உபசாரம் இன்னொரு களம். வெயிலில் வந்தவளுக்கு இளநீர் சீவி நீட்டாத வீடு இல்லை. இளநீரில் பொட்டாசியம் ஏராளம். இதயத்துக்காக நான் சாப்பிடும் ஸ்பைரோனோலாக்டோனும் ராமிப்ரிலும் பொட்டாசியத்தை உடம்பிலேயே தேக்கி வைப்பவை. மூன்றும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாளம் தப்பும். இதை அத்தைக்கு விளக்கி முடிப்பதற்குள் அவர் இரண்டாவது காயைச் சீவியிருந்தார். பந்தியில் அப்பளம், ஊறுகாய், உப்பு தூக்கலான சாம்பார். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நீர் கோக்கிறது என்று அர்த்தம் என்பது எங்கள் இதயப் பிரிவு செவிலியரின் பாடம். கல்யாணத்துக்கு மறுநாள் ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது. நீரை வெளியேற்றும் ஃப்யூரோசமைடை அரை மாத்திரை கூட்டினேன், இறங்கியது.

பன்னிரண்டாம் நாள் இரவு காய்ச்சல்.

மற்றவர்களுக்குக் காய்ச்சல் என்றால் பாராசிட்டமால். எனக்கு அது மணி பார்க்க வேண்டிய விஷயம். ராவுலிசுமாப் அந்தக் காம்ப்ளிமென்ட் படையின் கடைசிக் கண்ணியை அடைத்துவிடுவதால், மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமிக்கு எதிராக உடம்பு நிராயுதபாணி. தடுப்பூசிகள் போட்டிருக்கிறேன், தினமும் பெனிசிலின் சாப்பிடுகிறேன். இருந்தும் முழுக் காப்பு இல்லை. காய்ச்சல் வந்தால் காரணம் தேடும் முன் ஆன்டிபயாட்டிக் உள்ளே போயாக வேண்டும். அண்ணன் காரை எடுத்தார். மிக அருகில் இருந்த நர்சிங் ஹோமுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு பதினொன்றரை.

படுக்க வைத்த ஐந்தாவது நிமிடம் கையில் ஊசிக்குழாய் ஏறிவிட்டது. அடுத்து செவிலியர் சலைன் பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, சொட்டு விழும் குப்பியை விரலால் இரண்டு சுண்டு சுண்டினார். குமிழ்கள் மேலே போயின. சின்னப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும், நேர்த்தியான கை.

"அது எவ்வளவு, சிஸ்டர்?"

"ஐந்நூறு மில்லிதான் அக்கா. வேகமாக ஏற்றிவிட்டு இன்னொன்று போடுவோம். தெம்பு வந்துவிடும்."

நான் குழாயை இன்னொரு கையால் மடித்துப் பிடித்துக்கொண்டேன். அவர் திகைத்துப்போனார். பாதி பலத்தில் அடிக்கும் இதயம், பாதி வேலை செய்யும் சிறுநீரகம். இரண்டு பாட்டிலை மளமளவென்று ஏற்றினால் அந்த நீர் போக இடமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கும். காய்ச்சலோடு வந்தவள் மூச்சுத் திணறி ஐ.சி.யு.வுக்குப் போயிருப்பேன். மருத்துவரைக் கூப்பிடச் சொன்னேன். பணி மருத்துவரும் இளைஞர். லீட்ஸ் மருத்துவர் கொடுத்த கடிதத்தை நீட்டினேன். நின்றபடி ஒரு முறை, உட்கார்ந்து ஒரு முறை படித்தார். கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துவிட்டு, செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் இரண்டு கிராம் அவரே போட்டார். அதற்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அந்தக் கடிதத்தில்தான் கோளாறு என்று பிறகு புரிந்தது. மெனிங்கோகாக்கஸ் எச்சரிக்கை முதல் வரியில் தடித்த எழுத்தில் இருந்தது. நீர்க் கட்டுப்பாடு இரண்டாம் பக்கத்தின் அடியில், அதுவும் சுற்றி வளைத்த ஆங்கிலத்தில். எழுதியவரைக் குற்றம் சொல்ல முடியாது. யார் வந்தாலும் முதலில் ஒரு பாட்டில் தொங்கவிடும் வழக்கம் இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். சிறுவயதில் காய்ச்சல் என்றால் 'குளுக்கோஸ் ஏற்றிவிட்டு வா' என்று அனுப்பப்பட்டவள் நான். கடிதம் வாங்கும்போது அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

விடியும் முன் திருச்சிக்கு மாற்றினார்கள். தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. அங்கே இரண்டு பயம் ஒன்றோடொன்று மோதின. தட்டணு இறங்கினால் ஊரில் எல்லோரும் சொல்வது டெங்கு. அண்ணி அதற்குள் நிலவேம்புக் குடிநீர் காய்ச்சி அனுப்பிவிட்டார். எனக்கோ, பழைய நோய் மருந்தை மீறி எழுந்துவிட்டதோ என்று. இரண்டிலும் தட்டணு இறங்கும். எல்.டி.ஹெச். ஏறியிருந்தது, டெங்குவிலும் அது ஏறலாம். பிரித்துக் காட்டுவது கண்ணாடித் தகட்டில் பூசிய ரத்தத் துளி: கிழிந்த சிவப்பணுக்கள் தெரிகின்றனவா என்று மைக்ராஸ்கோப்பில் ஒருவர் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

ஊரில் இந்த நோயை யாருக்குத் தெரியப்போகிறது என்ற என் எண்ணத்தைத் திருச்சியில் என்னைப் பார்த்த சிறுநீரக மருத்துவர் கால் மணி நேரத்தில் உடைத்தார். இந்தியக் குழந்தைகளில் இந்த நோய் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காரணம், 'ஃபேக்டர் ஹெச்' என்ற கட்டுப்படுத்தும் புரதத்துக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் எதிர்ப்பொருள் என்றார். மேலை நாடுகளில் அவ்வளவு இல்லை. என் மருந்தைத் தன் கையால் ஏற்றியதில்லை. ஆனால் பிளாஸ்மா மாற்றிக் குழந்தைகளைத் தேற்றியிருக்கிறார். "ரத்தத் தகட்டை நானே பார்த்துவிட்டு வருகிறேன் அம்மா" என்று எழுந்து போனார். அரை மணி கழித்து வந்து, "கிழிந்த அணு இல்லை" என்றார். டெங்குவுக்கான என்.எஸ்.1 சோதனை மதியம் பாசிட்டிவ்.

டெங்கு என்று தெரிந்து நான் மகிழ்ந்ததை அண்ணனால் புரிந்துகொள்ள முடியவில்லை.

ஆனால் டெங்குவுக்கு வைத்தியமே நீர்தான். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதை ஈடுகட்ட வேண்டும். என் இதயமோ கூடுதலாக ஒரு டம்ளரையும் ஏற்காது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஹெமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, பார்த்தார்கள். அது ஏறினால் நீர் கசிகிறது என்று அர்த்தம். அளவுக் கோப்பையில் வாய் வழியாகவே தண்ணீர்; சிறுநீரையும் அளந்து எழுதினார்கள். ராமிப்ரிலையும் நீர் மாத்திரையையும் நிறுத்திவைத்தார்கள். காலையும் மாலையும் நெஞ்சில் ஸ்டெத் வைத்து நுரையீரலின் அடிப்பகுதியைக் கேட்டார்கள். தட்டணு அறுபத்திரண்டாயிரம் வரை இறங்கி, ஆறாம் நாள் ஏறத் தொடங்கியது. கல்ச்சரில் கிருமி இல்லை. எட்டாம் நாள் வீடு. அடுத்த மருந்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

கிளம்பும் முன் அந்தச் சிறுநீரக மருத்துவரிடமே புதிதாக ஒரு தாள் எழுதி வாங்கினேன். ஒரு பக்கம்தான். முதல் வரி காய்ச்சல், இரண்டாம் வரி பாட்டில். இரண்டும் தமிழிலும் உண்டு, குழாயைக் கையில் வைத்திருப்பவர் படிப்பதற்காக. லீட்ஸ் மருத்துவர் அதைக் கையில் வாங்கி, தமிழ் வரிகளை விரலால் தொட்டு, இது என்ன என்று கேட்டார். சொன்னேன். நகல் எடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

முதல் இரவு தங்கிய நர்சிங் ஹோம் கணக்கை அண்ணன் பிறகு போய்த் தீர்த்தார். பில்லில் ஆறாவது வரி: சலைன் ஐந்நூறு மில்லி, இரண்டு. ஏற்றவே இல்லையே என்று அண்ணன் கேட்டதற்கு, "வழக்கமாக வருவது சார்" என்று கணக்கர் பேனாவால் ஒன்றை அடித்தார். மற்றொன்று பிரித்துத் தொங்கவிட்டதாம். அது அப்படியே இருந்தது.