வீட்டு வீடியோக்களை வட்டில் ஏற்றும் டிவிடி ஃபிளிக்: ஒரு மதிப்புரை

அப்பாவின் மணிவிழாவும் தங்கையின் திருமணமும் பதிவான விஎச்எஸ் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிய பிறகு, அம்மா யாருடைய உதவியும் இல்லாமல் ரிமோட்டை அழுத்திப் பார்ப்பதற்காக அவற்றை டிவிடியாக்க விரும்பினேன். அதற்கு விண்டோஸில் இயங்கும் இலவச, திறமூல மென்பொருளான டிவிடி ஃபிளிக்கைப் பயன்படுத்தினேன். கோப்புகளைச் சேர்த்து, மெனு ஒன்றைத் தேர்ந்து, பொத்தானை அழுத்தினால் வட்டு தயாராகிவிடுகிறது. ஆனால் அந்த வட்டில் படம் எப்படி இருக்கும் என்பது, அதற்கு முன் நாம் அமைப்புகளில் எடுக்கும் சில முடிவுகளைப் பொறுத்தது.

அவற்றுள் முதன்மையானது பிட்ரேட், அதாவது ஒவ்வொரு நொடிக்கும் ஒதுக்கப்படும் தரவின் அளவு. ஓரடுக்கு வட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி. இரண்டு மணி நேர வீடியோவை அதில் அடக்கினால், படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்து நொடிக்கு ஏறத்தாழ 5.2 மெகாபிட் கிடைக்கும். மூன்று மணி நேரமானால் 3.5, நான்கு மணி நேரமானால் 2.6. ‘ஆட்டோ ஃபிட்’ என்ற அமைப்பு இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்கிறது. சிக்கல் என்னவென்றால், நான்கு மணி நேரத் திருமணத்தைக் கொடுத்தாலும் அது மறுக்காமல் ஒரே வட்டில் திணித்துவிடும். மணமேடையில் அனைவரும் அசையாமல் அமர்ந்திருக்கும்வரை குறை தெரியாது. தாலி கட்டும் நொடியில் நாலாபுறமிருந்தும் அட்சதை விழ, ஹோமப் புகையும் வீடியோ விளக்கின் வெளிச்சமும் சேர்ந்து அசையும்போது, டிவிடி பயன்படுத்தும் எம்பெக்-2 என்ற சுருக்க முறைக்கு அந்த பிட்ரேட் போதாமல் படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. எந்த நொடிக்காக வட்டையே செய்கிறோமோ, அந்த நொடிதான் முதலில் கெடுகிறது. எனவே திருமணத்தை இரண்டு வட்டுகளாகப் பிரித்தேன்.

இரண்டாம் முறை என்கோடிங் (வீடியோவை டிவிடிக்கேற்பச் சுருக்குதல்) செய்யும் வாய்ப்பை நான் எப்போதும் இயக்கியே வைக்கிறேன். முதல் ஓட்டத்தில் கடினமான இடங்களைக் கண்டறிந்து, இரண்டாம் ஓட்டத்தில் அவற்றுக்குக் கூடுதல் பிட்டுகளை ஒதுக்குவதால், நேரம் ஏறக்குறைய இருமடங்கானாலும் அது வீணாவதில்லை. ஒரே வட்டில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஏற்றியே ஆக வேண்டுமென்றால், கிடைமட்டத் தெளிவைப் பாதியாக்கி 352×576 அளவில் வைப்பது நல்லது. விஎச்எஸ் கேசட்டில் கிடைமட்டமாக ஏறக்குறைய 240 கோடுகளுக்கான விவரமே இருப்பதால் இழப்பது சிறிதே.

குறும்பதிவுகளுக்கு இதற்கு நேர்மாறான எச்சரிக்கை தேவை: வட்டில் இடம் மிஞ்சுவதால் பிட்ரேட்டை மிகவும் உயர்த்தத் தோன்றும். டிவிடி விதிப்படி படத்தின் பிட்ரேட் 9.8 மெகாபிட் வரை செல்லலாம் என்றாலும், வீட்டில் எழுதிய வட்டு பழைய பிளேயர்களில் அந்த வேகத்தில் திக்கக்கூடும். நான் 8-ஐத் தாண்டுவதில்லை.

கைபேசி வீடியோக்களுக்கு இந்த மென்பொருளை என்னால் பரிந்துரைக்க இயலவில்லை. இதன் கடைசிப் பதிப்பு 2009-இல் வந்தது. இன்றைய கைபேசிகள் பலவும் வீடியோவைச் சுருக்கிப் பதியும் எச்இவிசி முறை தரப்படுத்தப்பட்டதோ 2013-இல். ஆகவே அம்முறையில் பதிந்த கோப்புகளை முதலில் ஹேண்ட்பிரேக் போன்ற வீடியோ மாற்றும் மென்பொருள் ஒன்றின் மூலம் அதைவிடப் பழைய எச்.264 முறைக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. மாற்றும்போது பிரேம் வேகத்தை (நொடிக்கு எத்தனை படச்சட்டங்கள் என்பதை) நிலையானதாக வைக்காவிட்டால், போகப் போக உதட்டசைவும் ஒலியும் விலகக்கூடும். கைபேசிகள் பெரும்பாலும் நொடிக்கு 30 பிரேம் பதிவதால், நம் நாட்டு வழக்கப்படி 25 பிரேம் கொண்ட பால் (PAL) என்ற தொலைக்காட்சி வடிவத்தைத் தேர்ந்தால் அசைவுகள் வெட்டி வெட்டித் தெரியும், 29.97 பிரேம் கொண்ட என்டிஎஸ்சி வடிவமே அவற்றுக்குப் பொருந்தும். இங்குள்ள பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் இயக்குகின்றன. கேசட்டிலிருந்து எடுத்த பதிவுகளுக்கு மட்டும் பால் வடிவத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

இறுதி வட்டுக்கு முன், அழித்தெழுதும் வட்டு ஒன்றில் அந்த அட்சதைக் காட்சியை மட்டும் ஏற்றித் தொலைக்காட்சியில் பார்த்துவிடுங்கள். கணினித் திரையின் சிறு சாளரத்தில் எனக்குத் தெரியாத கட்டங்கள், கூடத்துத் தொலைக்காட்சியில்தான் தெரிந்தன.