சுகர் உள்ளவர் கண்ணுக்கு எது: சொட்டு மருந்தா, போட்டோவா, ஓசிடியா?

சுகர் இருப்பவர் கண்ணாடிக்குப் பவர் பார்த்துவிட்டு வந்தால் போதாது, வருஷத்துக்கு ஒரு தடவையாவது விழித்திரையையும் காட்டவேண்டும் என்பது இப்போது பலருக்கும் தெரியும். எப்படிக் காட்டுவது என்பதில்தான் குழப்பம். அப்பாவுக்காக விசாரித்துப் பார்த்து, ஃபண்டஸ் போட்டோவும் (விழித்திரையைக் கேமராவில் எடுக்கும் படம்) ஓசிடி ஸ்கேனும் (விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் காட்டும் ஸ்கேன்) எடுப்பது என்று முடிவுக்கு வந்தோம். என் சாய்வு அந்தப் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பாப்பா (நடுவிலுள்ள கறுப்புத் துவாரம்) விரியும்வரை உட்கார வைத்து, டாக்டர் லென்ஸ் பிடித்துப் பார்ப்பது பழைய முறை. அன்று சில மணி நேரம் பார்வை மங்கும், வண்டி ஓட்ட முடியாது, துணைக்கு ஆள் வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. ஆனால் விழித்திரையின் ஓரம்வரை பார்க்க இதை விட்டால் முடியாது. கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போலவோ, திடீரென்று பூச்சி பறப்பது போலவோ இருந்தால் வேறு பேச்சே வேண்டாம், மருந்து விட்டு உடனே பார்த்துவிட வேண்டும்.

ஃபண்டஸ் போட்டோ சுலபம். பளிச்சென்று ஒரு வெளிச்சம், படம் தயார். பல கேமராக்களுக்கு மருந்தே தேவையில்லை. வழக்கமான கேமரா 45 டிகிரி அளவுக்குத்தான் பிடிக்கும், ஆனால் ரத்தப் புள்ளிகளும் மஞ்சள் கசிவும் அதில் நன்றாகத் தெரியும். இந்தப் படங்களைக் கம்ப்யூட்டரே படித்துத் தரம் பிரிக்கும் என்று காட்டிய கூகுள் ஆய்வு 2016இல் வந்தது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா படங்களும் அதில் உண்டு. வயதானவர்களுக்குத்தான் சிக்கல். பாப்பா சிறுத்திருக்கும், புரையும் இருக்கும். அப்பாவின் இடது கண் படம் புகைமூட்டமாக வந்ததால் மருந்து விட்டு மறுபடி எடுத்தார்கள். ஆக, மருந்திலிருந்து முழு விடுதலை கிடையாது.

ஓசிடி 1991இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுக்குழு உலகுக்குக் காட்டிய நுட்பம். அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து விழித்திரையைக் குறுக்கே வெட்டிய மாதிரி அடுக்கடுக்காகக் காட்டும். நடுவில் சின்னப் பள்ளம் இருந்தால் சரி. அந்தப் பள்ளம் மேடாகி, உள்ளே கறுப்பு ஓட்டைகள் தெரிந்தால் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். போட்டோ தட்டையானது, இந்த வீக்கம் அதில் பிடிபடாமல் போகலாம்.

செலவு ஓசிடிக்குத்தான் அதிகம். இருந்தும் அதைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம், போன வருஷத்தையும் இந்த வருஷத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவது. பழைய ஃபைலில் டாக்டர் கையெழுத்தில் "லேசான பாதிப்பு" என்றுதான் இருக்கும். அடுத்த வருஷம் வேறு டாக்டரும் அதையே எழுதுவார். இரண்டு லேசும் ஒன்றா என்று யார் சொல்வது? ஓசிடி தாளில் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு வரைபடம் இருக்கும். அதன் நட்டநடு வட்டத்தில் விழித்திரையின் தடிமன் மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அச்சாகியிருக்கும். அந்த எண் ஏறுகிறதா என்று நாமே பார்க்கலாம்.

ஆனால் எந்த மெஷினில் எடுத்தது என்பதைக் குறித்து வைக்கவேண்டும். தடிமனை எந்த அடுக்குவரை அளப்பது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. சிரஸ் மெஷினில் வந்த எண்ணும் ஸ்பெக்ட்ராலிஸில் வந்த எண்ணும் ஒரே கண்ணுக்கே ஒத்துப்போகாது. இடம் மாறி எடுத்துவிட்டு வீக்கம் கூடிவிட்டது என்று பதறுவதும், குறைந்துவிட்டது என்று நிம்மதி அடைவதும் வீண். தாளின் மேல் ஓரத்தில் சிக்னல் தரம் என்று ஒன்று இருக்கும், அதையும் பாருங்கள். சிரஸில் 10க்கு 6க்குக் கீழே இருந்தால் அந்த எண்ணை நம்பவேண்டாம், மறுபடி எடுக்கச் சொல்லலாம். மெஷின் மாறக்கூடாது என்பதால்தான் நாங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த சென்டரை விட்டுவிட்டு, முதலில் எடுத்த இடத்துக்கே போகிறோம். படங்களை மொபைலிலும் வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

விழித்திரையில் பெரும்பகுதியை ஒரே படத்தில் பிடிக்கும் அகலக் கேமராவும் வந்திருக்கிறது. அப்பாவுக்கு அதில் எடுத்ததில்லை, அதனால் அதற்கு நான் சிபாரிசு சொல்லமுடியாது. அதுவரை ஃபண்டஸ் போட்டோவும் ஓசிடியும் எடுத்த பிறகு, டாக்டர் சொன்னால் மருந்தும் விட்டுக்கொள்வது எங்கள் வழக்கம்.