பளபளப்பாகத் திரும்பி வந்த உளிகள்: சாணைக்குக் கொடுக்குமுன் கவனியுங்கள்

நுவரெலியா மாவட்டத்தில் தச்சுத் தொழில் செய்பவன் நான். அப்பாவிடமிருந்து எனக்கு வந்த நான்கு ஷெஃபீல்டு உளிகளை, கதவு நிலை வேலை ஒன்று அவசரமாக இருந்ததால், கையால் தீட்ட நேரமின்றி நகரத்துச் சாணைக் கடை ஒன்றில் கொடுத்தேன். ஓர் உளிக்கு 300 ரூபாய் வீதம் 1,200 ரூபாய் வாங்கினார்கள். திரும்பி வந்த உளிகள் கண்ணாடி போல மின்னின. முன்கை மயிரைச் சிரைக்கும் கூர்மையும் இருந்ததால் நான் எதையும் சந்தேகிக்கவில்லை.

மறுநாள் பலாச் சட்டத்தில், இணைப்பு மரத்தின் முனையான கழுந்து பொருந்துவதற்கான துளையைத் தொடங்கினேன். கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) இருபது அடிகூட அடித்திருக்க மாட்டேன். கால் அங்குல உளியின் வாய், அதாவது வெட்டும் ஓரம், மடங்கிவிட்டது. உடைந்து பல் விழவில்லை, ஈயத்தகடு போல ஒரு பக்கமாகச் சுருண்டிருந்தது. தீட்டிப் பார்த்தேன், மறுபடியும் சுருண்டது. உளியின் முதுகை வெயிலில் சாய்த்துப் பிடித்தபோதுதான், வாயின் மூலையில் நகக்கண் அளவுக்கு மயில் கழுத்து நீலம் தெரிந்தது.

அந்த நீலம்தான் சேதத்தின் அடையாளம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 சுற்றுச் சுழலும் உலர்ந்த சாணைச் சக்கரத்தில் மெல்லிய வாயை அழுத்தினால், சில நொடிகளிலேயே அது 290 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். சாதாரணக் கரிம எஃகு உளியின் தோய்ச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினம், அந்தச் சூட்டில் இறங்கி, இரும்பு மென்மையாகிவிடுகிறது. ஒடுங்கிய உளியில் சூடு பரவ இடம் குறைவு என்பதால், கால் அங்குல உளியே முதலில் கெட்டது. என்னை மிகவும் வருத்தியது வேறொன்று: நீலத்தைத் துணிச் சக்கரத்தில் தேய்த்து அழித்திருந்தார்கள். தட்டையாக இருக்கவேண்டிய முதுகின் ஓரமும் அதனால் உருண்டுபோயிருந்தது.

கேட்கப் போனபோது, “தண்ணியில தோச்சுத்தான் புடிச்சேன் தம்பி, இரும்பு பழசு” என்றார் கடைக்காரர். நீலம் ஏறிய பிறகு தண்ணீரில் தோய்ப்பதால் போன தோய்ச்சல் திரும்பாது. செந்தணலாகக் காய்ச்சி மீண்டும் தோய்த்துப் பதப்படுத்தினால்தான் உண்டு. பணமும் திரும்பவில்லை.

எங்கள் தோட்டத்துப் பழைய பாஸ் (கைவினைத் தலைவர்) ஐயா ஒருவர் அரத்தை எடுத்து உளியில் லேசாகத் தேய்த்துக் காட்டினார். கழுத்துப் பக்கமாக நல்ல எஃகில் அரம் வழுக்கியது. மென்மையாகிப்போன வாயோரத்தில் பிடித்து இழுத்தது. கடையிலிருந்து உளியை வாங்கும் எவரும், பளபளப்பைப் பார்த்து நம்பாமல், இந்தச் சோதனையைச் செய்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கொடுக்குமுன் கேட்கவேண்டியது, சக்கரம் மெதுவாகச் சுழன்று தண்ணீரில் நனைகிறதா என்பதுதான். உலர்ந்த சக்கரம் என்றால் கொடுக்காதீர்கள். சில்லு விழாத உளிக்குச் சக்கரமே தேவையில்லை: 25 பாகைச் சரிவை அப்படியே விட்டு, நுனியை மட்டும் 30 பாகையில் எண்ணெய்க் கல்லில் தீட்டி, முதுகைக் கல்லில் படுக்க வைத்துப் பிசிறை எடுத்து, தோல் வாரில் இழுத்தால் போதும். பலாவில் வேலை செய்யும்போது நான் இடையிடையே வாரில் பத்து இழுப்பு இழுப்பதால், கல்லுக்குப் போகும் தேவையே வெகுவாகக் குறைந்திருக்கிறது. எங்கள் ஊர் மூடுபனிக்கு வாயில் துரு ஏறினாலும் கூர் போகும். இரவில் தையல் இயந்திர எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள்.

கெட்ட பகுதியைத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கையால் கல்லில் தேய்த்து அகற்ற எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன. மூன்று உளிகள் 3 மில்லிமீட்டர் குறைந்து மீண்டு வந்துள்ளன. கால் அங்குல உளியில் 5 மில்லிமீட்டர் தேய்த்தும் அரம் இன்னும் பிடிக்கிறது.