சௌராஹாவா, தாக்குர்துவாராவா? நேபாளத்துக் காட்டோரத்தில் எங்கே தங்குவது

நேபாளத்தில் காடு பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் சித்வன் தேசியப் பூங்காவோடு திரும்பிவிடுகிறார்கள். காத்மாண்டுவிலிருந்தும் பொக்காராவிலிருந்தும் சுற்றுலாப் பேருந்து இருக்கிறது, தங்க ஏகப்பட்ட இடம் இருக்கிறது, காண்டாமிருகம் கண்ணில் படாமல் யாரும் வருவது அரிது. மேற்கே இருக்கும் பர்தியா தேசியப் பூங்காவின் பெயர் தெரிந்தவர்கள்கூட "அவ்வளவு தூரமா?" என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

நான் இரண்டு இடத்திலும் தங்கியிருக்கிறேன். சித்வனை ஒட்டிய சௌராஹாவில் இரண்டு இரவு, பர்தியாவை ஒட்டிய தாக்குர்துவாராவில் நான்கு இரவு. இரண்டுமே குடும்பம் நடத்தும் எளிய விருந்தினர் விடுதிகள். எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையில் ஐந்து நாள் இருந்து, நடக்கக் கால் தெம்பும் இருந்தால் தாக்குர்துவாராதான். அப்படி இல்லாதவர்களுக்கு சௌராஹா நல்ல இடம், அங்கே போவதில் எந்தக் குறையும் இல்லை.

ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். "காட்டுக்கு நடுவே தங்கலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். சித்வனுக்குள் ஒரு காலத்தில் விடுதிகள் இருந்தன. 2012-இல் அவற்றை மூடிவிட்டார்கள். தாக்குர்துவாராவிலும் விடுதிகள் பூங்கா எல்லைக்கு வெளியேதான். ஆக எங்கே போனாலும் இரவு ஊரில், பகல் காட்டில். விடிந்ததும் உள்ளே போய், பொழுது சாயும் முன் வெளியே வந்துவிட வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுப்பது எந்த ஊரில் தூங்கி எழுவது, எழுந்ததும் யாரோடு உள்ளே போவது என்பதை மட்டுமே.

கணக்கு என்ன சொல்கிறது

பரப்பில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். சித்வன் 952 சதுர கிலோமீட்டர், பர்தியா 968. புலியிலும் அப்படித்தான்: 2022 கணக்கெடுப்பில் சித்வனில் 128, பர்தியாவில் 125. நேபாளம் முழுக்க 355. இதில் பர்தியாவின் கதை தனி. 2009-இல் அங்கே இருந்தவை 18 புலிகள்தான். பதின்மூன்று ஆண்டில் ஏழு மடங்கு ஏறியிருக்கிறது என்றால், அந்தக் காட்டில் எத்தனை பேர் எத்தனை இரவு கண்விழித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

காண்டாமிருகத்தில் மட்டும் போட்டியே இல்லை. 2021 கணக்கில் சித்வனில் 694, பர்தியாவில் 38. பர்தியாவில் இன்று இருப்பவையும் சித்வனிலிருந்து கொண்டுபோய் விட்டவற்றின் வழிவந்தவைதான். 1986-இல் முதல் தடவையாக 13 காண்டாமிருகங்களை ஏற்றிப்போனார்கள். உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் காவல் தளர்ந்து, பர்தியாவுக்குள் இருக்கும் பாபாய் ஆற்றுப் பள்ளத்தாக்கில் விட்டவற்றை வேட்டைக்காரர்கள் தீர்த்துக்கட்டினார்கள். அதனால் காண்டாமிருகம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் சௌராஹாவுக்குப் போங்கள். சில நாள் இருட்டிய பிறகு அது ஊர்த் தெருவிலேயே நடந்து வரும்.

புலி என்றால் எண்ணிக்கை சமமாக இருந்தும் பர்தியாவில் வாய்ப்பு கூடுதல் என்பது என் கணிப்பு. சித்வனின் வெள்ளச் சமவெளியில் யானையையே மறைக்கும் உயரத்துக்குப் புல் நிற்கிறது. புலி பத்தடி தள்ளிப் படுத்திருந்தாலும் தெரியாது. பர்தியாவில் பெரும்பகுதி சால் மரக்காடு, மேற்கு ஓரத்தில் கர்ணாலியின் கிளையான கெருவா ஆறு. அந்த ஆற்றங்கரை திறந்து கிடக்கிறது. வெயில் ஏற ஏறப் புலி தண்ணீருக்கு வந்துதான் ஆக வேண்டும். கரையில் ஒரு மேட்டில் நிழல் பார்த்து உட்கார்ந்து காத்திருக்கலாம். கூட்டமும் குறைவு.

அறையும் வீட்டுக்காரரும்

சௌராஹா இன்று சிறிய நகரம் மாதிரி. கடைத்தெரு, காப்பிக் கடைகள், ராப்தி ஆற்றங்கரையில் நாற்காலி போட்டு அஸ்தமனம் பார்க்கும் இடங்கள், மாலையில் இந்தச் சமவெளியின் பூர்வகுடிகளான தாரு மக்களின் கோலாட்டம் போன்ற தடி நடனம். நான் தங்கிய விடுதியில் அறை பளிச்சென்று இருந்தது, வெந்நீர் வந்தது, மின்விசிறி நிற்கவில்லை. சிக்கல் வேறு இடத்தில். உள்ளே நுழைந்து பையைக் கீழே வைக்கும் முன்பே ஒரு அட்டையைக் காட்டினார்கள்: முதல் நாள் மாலை இது, மறுநாள் காலை படகு, பகலில் ஜீப், இரவு நடனம். ஜீப்பில் எங்களோடு சேர்த்துப் பத்துப் பேர். நின்று ஒரு பறவையைப் பார்க்கலாம் என்றால் மற்ற ஒன்பது பேருக்கும் புலி வேண்டும். அதைவிட வருத்தம், "சித்வன் சஃபாரி" என்று அவர்கள் கூட்டிப்போனது பூங்காவுக்குள்ளேயே இல்லை. பக்கத்தில் ஊர்மக்களே பராமரிக்கும் சமுதாயக் காட்டுக்கு. இறங்கின பிறகுதான் எனக்கே தெரிந்தது.

சமுதாயக் காடு மோசம் என்று சொல்லவில்லை. பாக்மாரா சமுதாயக் காடு சௌராஹாவை ஒட்டியே இருக்கிறது, அங்கே காண்டாமிருகம் நன்றாகவே தெரியும், வசூலாகும் பணம் ஊர்மக்கள் கைக்குப் போகிறது. ஆனால் எங்கே போகிறோம் என்பதைச் சொல்லிவிட்டுக் கூட்டிப்போக வேண்டும். சௌராஹாவில் பேசும்போது "பூங்காவுக்குள்ளா, சமுதாயக் காட்டுக்கா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அனுமதிச் சீட்டை வாங்கிப் பாருங்கள்.

தாக்குர்துவாராவில் வரவேற்பறை என்று ஒன்று கிடையாது. மண்ணும் வைக்கோலும் சேர்த்துப் பூசிய சுவர், புல் வேய்ந்த கூரை, கட்டில், கொசுவலை, ஒரு மேசை. குளியலறையில் தவளை இருந்தது. மூன்றாம் நாள் அதுவும் வீட்டு ஆளாகிவிட்டது. இரவில் கூரையிலிருந்து பெரிய பல்லி ஒன்று தன் பெயரையே சொல்வதுபோல் உரக்கக் கூவும், முதல் இரவு தூக்கிவாரிப் போட்டது. இரண்டாம் இரவு மின்சாரம் போய் விடியும்வரை வரவில்லை. வீட்டுக்காரர் சத்தம் போடாமல் என் கட்டிலைத் தூக்கி வெளித் திண்ணையில் போட்டு, கொசுவலையை இரண்டு தூணுக்கும் நடுவே கட்டிக் கொடுத்தார். அங்கே அண்ணனை "தாய்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் நாள் நம் காதுக்கு ஒரு மாதிரி இருக்கும், அப்புறம் தானாக வாயில் வந்துவிடும்.

சாப்பாடு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அடுப்பு பற்றவைத்துத்தான் எல்லாம். பருப்பும் சோறும் தோட்டத்துக் கீரையும். ஒருநாள் அரிசிமாவை விரலால் பிடித்து ஆவியில் வேகவைத்த டிக்ரி கொடுத்தார்கள், கொழுக்கட்டை சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தவே வேண்டியதில்லை.

இங்கே முக்கியமான வித்தியாசம், என் வீட்டுக்காரரே என் வழிகாட்டியும். உரிமம் பெற்ற வழிகாட்டிகள் நடத்தும் விடுதிகள் தாக்குர்துவாராவில் பல. முந்தின இரவு அடுப்படியில் உட்கார்ந்து, நேற்று யார் எங்கே என்ன பார்த்தார்கள் என்று கேட்டு, மறுநாள் எந்தப் பக்கம் போவது என்று நம்மோடு பேசியே முடிவெடுக்கிறார். அட்டை எதுவும் கிடையாது.

நடந்து போவது

இரண்டு பூங்காவிலும் நடக்க அனுமதி உண்டு. கூட இரண்டு வழிகாட்டிகள், ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். கையில் மூங்கில் தடி மட்டும்தான், துப்பாக்கி கிடையாது. கிளம்பும் முன் பாடம் நடத்துவார்கள்: காண்டாமிருகம் வந்தால் நேராக ஓடாதே, வளைந்து வளைந்து ஓடு, மரம் கிடைத்தால் ஏறு, கரடி வந்தால் சேர்ந்து நின்று தடியைத் தரையில் தட்டிச் சத்தம் போடு, புலியைப் பார்த்தால் முதுகைக் காட்டாதே, கண்ணை எடுக்காமல் மெல்லப் பின்வாங்கு. யானைக்கு ஒரே வழி, ஓட்டம். இதைச் சிரித்துக்கொண்டு கேட்பவர்களை அவர்கள் விடமாட்டார்கள், மறுபடி சொல்லிக்காட்டச் சொல்வார்கள்.

சௌராஹாவிலிருந்து அரை நாள், ஒரு நாள் நடை போகலாம், நன்றாகவே இருக்கும். பர்தியாவில் நடை என்பது பாதிக்கு மேல் உட்கார்ந்திருப்பது. காலை ஆறரைக்கு உள்ளே போய், கட்டுச்சோற்றை அவிழ்த்து, சாயங்காலம்வரை ஆற்றங்கரையில் மூன்று நான்கு இடம் மாறி மாறிக் காத்திருக்கிறோம். பேச்சு கிசுகிசுப்புதான்.

மூன்றாம் நாள் காலை, மணல் பாதையில் ஒரு தடம். வழிகாட்டி குனிந்து பார்த்துவிட்டு என்னையும் குந்தச் சொன்னார். சுற்றியிருந்த மணலெல்லாம் மரத்திலிருந்து பனி சொட்டியதால் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளி புள்ளியாக இருந்தது. தடத்துக்குள் ஒரு புள்ளிகூட இல்லை. பனி சொட்டி நின்ற பிறகு நடந்திருக்கிறது, அதாவது விடிந்த பிறகு. அவர் எதுவும் சொல்லவில்லை, தடத்தின் விளிம்பை மட்டும் விரலால் காட்டினார். அதற்கப்புறம் மூன்று மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு அக்கரையில் லங்கூர் குரங்கு இருமுவதுபோல் கத்தியது, புள்ளிமான் ஒன்று கூர்மையாகக் குரல் கொடுத்தது, கொஞ்சம் விட்டு மறுபடியும். ஆற்றில் ஒரு தலை மட்டும் நீந்தி வந்தது. கரை ஏறி, நாய் உதறுவதுபோல் உடம்பை உதறிவிட்டு, புல்லுக்குள் போய்விட்டது. ஒரு நிமிடம் இருக்காது. படம் எடுக்கத் தோன்றவே இல்லை.

முதல் இரண்டு நாளும் நாங்கள் புலியைப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரே நாளுக்காக பர்தியா போகாதீர்கள்.

போகும் வழியும் செலவும்

காத்மாண்டுவிலிருந்து கணக்குப் போட்டால் பர்தியா மிகவும் தூரம், இரவு முழுக்கப் பேருந்து. விமானத்தில் நேபாள்கஞ்ச் போய் அங்கிருந்து சாலை வழியே போகலாம். ஆனால் இந்தியாவிலிருந்து தரைவழியாகப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கே மாறிவிடுகிறது: லக்னோ, ருபைதிஹா எல்லை, நேபாள்கஞ்ச், கோஹல்பூர், அம்பாசா. நெடுஞ்சாலையில் அம்பாசாவில் இறங்கினால் தாக்குர்துவாரா சுமார் 13 கிலோமீட்டர். விடுதிக்காரர் வண்டி அனுப்புவார். வழியில் பாபாய் பாலத்தில் கட்டாயம் எட்டிப் பாருங்கள். கீழே மணல்திட்டில் முதலைகள் வாயைத் திறந்து வெயில் காயும். சௌராஹாவுக்கு டாடி பஜாரில் இறங்கினால் போதும், ஆறேழு கிலோமீட்டர்.

அறை வாடகை இரண்டு ஊரிலும் பெரிய செலவே இல்லை. பணம் கரைவது வழிகாட்டி, ஜீப், பூங்கா அனுமதி மூன்றிலும்தான். அனுமதியை ஒவ்வொரு நாளுக்கும் தனியாக எடுக்க வேண்டும். இந்தியா, இலங்கை உட்பட சார்க் நாட்டவருக்கு மற்ற வெளிநாட்டவரைவிடக் கட்டணம் குறைவு, அடையாள அட்டையைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள். இந்திய ரூபாய் ஒன்றுக்கு நேபாள ரூபாய் 1.60 என்பது நிலையான மாற்று. தாக்குர்துவாராவுக்குத் தேவையான ரொக்கத்தை நேபாள்கஞ்சிலோ கோஹல்பூரிலோ எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

யாருக்கு வேண்டாம்

சின்னக் குழந்தைகள், முட்டிவலி உள்ள பெரியவர்கள், தொடர் மருத்துவம் தேவைப்படுகிறவர்கள் கூட இருந்தால் சௌராஹா. பரத்பூரில் பெரிய மருத்துவமனைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. தாக்குர்துவாராவில் ஏதாவது என்றால் கோஹல்பூர்வரை ஓட வேண்டும். சௌராஹாவிலும் கடைத்தெருவை விட்டுத் தள்ளி, ஆற்றை ஒட்டிய அமைதியான பக்கம் பாருங்கள். யானைச் சவாரிக்கு எங்கேயும் போகாதீர்கள், அந்தச் சங்கிலியை ஒருமுறை பக்கத்தில் பார்த்தால் மனசு வராது.

இன்னொன்றும் இருக்கிறது. புலி பெருகியதற்கான விலையைக் கொடுப்பது பர்தியாவின் கிராமத்து மக்கள்தான். விறகுக்கும் புல்லுக்கும் போனவர்கள் உயிரோடு திரும்பாத வீடுகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் உண்டு. 2022 ஜூனில் வனவிலங்குத் தாக்குதலைக் கண்டித்து மக்கள் சாலையை மறித்தபோது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு இளம்பெண் இறந்துபோனார். ஆகவே அந்த ஊரில் உட்கார்ந்து "எப்போது புலி வரும்?" என்று உற்சாகமாகக் கேட்கும்போது, கேட்பது யாரிடம் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். நாம் கொடுக்கும் பணம் அங்கேயே தங்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். உள்ளூர்க் குடும்பம் நடத்தும் விடுதி, உள்ளூர் வழிகாட்டி. அதைவிட ஒரு படி மேலே போக நினைத்தால், பர்தியாவையும் இந்தியாவின் கதர்னியாகாட் காட்டையும் இணைக்கும் காத்தா வழித்தடத்தில் தல்லா என்ற தாரு கிராமம் இருக்கிறது. அங்கே ஊரார் வீடுகளிலேயே தங்கலாம். எனக்கு அதற்கு நாள் போதவில்லை.

மாதம் என்று கேட்டால் மார்ச். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி, பதினோரு மணிவரை எதிரே நிற்பவரே தெரியாது. மார்ச்சுக்குள் கூரைப்புல் அறுத்து, மிச்சத்தை எரித்துவிடுகிறார்கள். மார்ச்சில் இளம்புல் துளிர்க்க மான்கள் வெளியே வரும். ஏப்ரல், மே புலிக்கு இன்னும் நல்லது, ஆனால் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஜூனிலிருந்து மழை. தாக்குர்துவாராவில் விடுதி பேசும்போது அறைப் படம் கேட்காதீர்கள். "என்னோடு காட்டுக்குள் யார் வருவார்கள், எத்தனை வருஷமாக நடக்கிறார்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த விடுதிக்கு எழுதுங்கள்.